கொட்டையின் உள்ளே: லுக்கேமியா உயிரணுக்களின் உட்கரு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்வோர் கடற்கரையை எட்டுவர். வடபால் மாமல்லபுரம், தென்பால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், புதுப்பட்டினம். கல்பாக்கத்தில் 1971ஆம் ஆண்டு உலை ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. 1984 ஜனவரியில் அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அன்று முதல் இக்கரையில் 'நியூக்ளியர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். இதனால் விளையும் குழப்பம் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் குடும்பத்தார், உறவினர் ஒருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொணர்ந்து, அதில் 'நியூக்ளியர்' என்ற சொல் நின்ற வரியைச் சுட்டிக்காட்டி, "ஹஜ்ரத், இது கல்பாக்கத்து அணுவா?" என்று வினவினர். அந்த வரி கூறியது வேறு. இரத்த வெள்ளையணுக்களின் உட்கரு இயல்பான வடிவில் இல்லை என்பதே அதன் பொருள். அவ்வடிவம் எதை உணர்த்தும், எதை உணர்த்தாது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக் கொள்வோம். இலத்தீன் மொழியில் 'நியூக்ளியஸ்' என்பது சிறு கொட்டை, பருப்பு எனப் பொருள்படும். 1831இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களில் கண்ட உருண்டைப் பொருளுக்கு இப்பெயரை இட்டார். அணுவின் மையத்துக்கு ரூதர்ஃபோர்டு அதே பெயரைச் சூட்டியது ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்த பின்னர். ஆகவே பெயரின் முதல் உரிமை உயிரணுவுக்கே. அரபு மொழியாளர் இதனை 'நவாத்' என்று மொழிபெயர்த்தனர். பேரீச்சங்கொட்டைக்குரிய சொல் அது. உயிரணுவுக்கும் நவாத், அணுவுக்கும் நவாத். இதிலிருந்து 'நவவீ' என்னும் பெயரடை பிறந்தது. இமாம் நவவீ அவர்களின் பெயரைக் கேட்டே வளர்ந்த நம் மாணவர், இக்கால அரபு நாளிதழில் 'அஸ்ஸிலாஹுன் நவவீ' என்று கண்டு முதலில் திகைப்பது உண்டு. இமாமின் பெயர் சிரியாவின் நவா என்ற ஊரால் வந்தது; நாளிதழ்ச் சொல் அணு ஆயுதத்தைக் குறிப்பது; எழுத்தோ ஒன்றே. தமிழில் நிலைமை தலைகீழ். அணுக்கரு, உட்கரு என்று மையத்துக்கு இரு சொற்களை வைத்துக்கொண்ட நாம், உயிரணு, வெள்ளையணு, சிவப்பணு என்று எல்லாவற்றிலும் 'அணு'வைச் சேர்த்துவிட்டோம். அரபியர் அங்கே தெளிவாக இருக்கின்றனர்: உயிரணு 'கலிய்யா', அணு 'தர்ரத்'.

நோயின் பெயரும் ஒரு சொற்குறிப்புக்கு உரியது. லுக்கேமியா என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. பொருள் 'வெள்ளை இரத்தம்'. அரபியில் 'இப்யிளாளுத் தம்' என்பதும் இரத்தம் வெண்மையுறுதல் என்றே பொருள் தரும். 1845இல் எடின்பரோவில் ஜான் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்கோவும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். பெயரிட்டவர் ஃபிர்கோ, 1847இல். இயல்பான ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். லுக்கேமியாவில் அவை இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. சில வகைகளில் எண்ணிக்கை குறைந்தே காணப்படுவதும் உண்டு. எனவே எண்ணிக்கையைக் காட்டிலும் தன்மையே முக்கியம். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளையணு, வளர்ந்து முதிர்ந்து தன் பணிக்குத் தகுதி பெற்ற பின்னரே இரத்தத்தில் இறங்க வேண்டும். லுக்கேமியாவில் அது முதிராமலே பெருகுகிறது; மஜ்ஜையை அடைத்துக்கொண்டு சிவப்பணுவுக்கும் இரத்தத் தட்டணுவுக்கும் இடமில்லாமற் செய்கிறது. சோகை, காய்ச்சல், ஈறுகளில் இரத்தக் கசிவு, தோலில் ஊதாத் திட்டுகள் ஆகியன இதன் விளைவுகள்.

முதிர்ந்ததா, முதிராததா என்பதை எவ்வாறு அறிவது? உட்கருவைப் பார்த்தே அறிகின்றனர். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, சாயமேற்றிப் பார்ப்பது இன்றளவும் முதற்படி. நம் நாட்டு ஆய்வகங்களில் பெரிதும் புழங்குவது லீஷ்மன் சாயம். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அஸார் நோயின் கிருமிக்குத் தம் பெயரைத் தந்த அதே லீஷ்மன்தான் இவர். அக்கிருமியின் பெயரில் உடன் நிற்கும் டோனவன், 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதனைக் கண்டவர். சாயமேற்றிய தகட்டில் முதிர்ந்த வெள்ளையணுவின் உட்கரு கெட்டித்து, அதன் வகைக்குரிய உருவம் கொண்டிருக்கும். நியூட்ரோஃபில் என்பதில் இரண்டு முதல் ஐந்து மடல்கள். மோனோசைட்டில் அவரை விதை போன்ற வளைவு. லிம்ஃபோசைட்டில் ஏறக்குறைய வட்டம். முதிராதவற்றிலோ உட்கரு பெருத்து, வெளிறி, உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்துக் கிடக்கும்.

சாதாரண நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஆகவே ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளை ஒளியால் பிரித்துக் காட்ட இயலாது. கண்ணாடி வில்லையை எவ்வளவு செம்மையாகத் தீட்டினாலும் இத்தடை நீங்குவதில்லை. 1931இல் ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் ரூஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையையும், கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்த வில்லையையும் கொண்டு புதிய கருவியைச் செய்தனர். ரூஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல். அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தார். இந்தியாவில் இக்கருவியை முதலில் அமைத்தவர் கல்கத்தாவில் 1940களில் பணியாற்றிய என். என். தாஸ்குப்தா.

இரத்த உயிரணுவை இக்கருவியில் பார்ப்பது எளிதன்று. குளுட்டரால்டிஹைடு, ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆகியவற்றில் ஊறவைத்து அதனை அப்படியே உறையச் செய்ய வேண்டும். பிசினுக்குள் பதித்துக் கல்போல் இறுக வைக்க வேண்டும். பிறகு கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் 60 முதல் 90 நானோமீட்டர் கனமுள்ள ஏடுகளாகச் சீவ வேண்டும். 12 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உயிரணுவை 70 நானோமீட்டர் ஏடுகளாக்கினால் ஏறத்தாழ 170 ஏடுகள் கிட்டும். நாம் காணும் படம் அவற்றுள் ஒன்றே. இதைப் பின்னர் மறக்கலாகாது. ஏடு தெளிவாகத் தெரிய வேண்டுமெனில் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும் கனமான உலோகம் அதில் ஏற வேண்டும். உட்கருவின் மரபுப் பொருளைப் பற்றிக்கொள்வதற்கென ஆய்வகங்கள் வழக்கமாகக் கையாளும் உப்பு யுரேனைல் அசிடேட், அதாவது யுரேனியத்தின் உப்பு. சொல்லளவில் பிரித்து வைத்த இரு 'நியூக்ளியர்'களும் ஆய்வக மேசையில் இப்படிச் சந்தித்துக் கொள்கின்றன!

இயல்பான உட்கருவை இப்படிச் சீவிப் பார்த்தால் முதலில் தெரிவது அதன் உறை. அது ஒன்றன்று, இரண்டு சவ்வுகள். இடையே மெல்லிய இடைவெளி. உறையில் ஆங்காங்கே துளைகள். உள்ளே விளிம்பை ஒட்டிக் கருமையாகத் திரண்டிருப்பது சுருட்டி மூடப்பட்ட குரோமாட்டின். நடுவே வெளிறித் தோன்றுவது விரித்துப் படிக்கப்படும் குரோமாட்டின். உட்கருமணி எனப்படும் நியூக்ளியோலஸ் ஒன்றோ இரண்டோ. பேரீச்சங்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தோருக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. கொட்டையின் மீதுள்ள மெல்லிய தோலுக்கு அரபியர் 'கித்மீர்' என்றும், அதன் பிளவில் கிடக்கும் நூலுக்கு 'ஃபதீல்' என்றும், முதுகிலுள்ள சிறு புள்ளிக் குழிக்கு 'நகீர்' என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். மூன்றும் திருக்குர்ஆனில் மிக அற்பமான அளவுக்கு உவமையாக வந்திருப்பதை விரிவுரைகளைப் பயின்றோர் அறிவர். உறை, பிளவு, துளை என்னும் உட்கருவின் மூன்று உறுப்புகளுக்கும் இச்சொற்கள் அழகாகப் பொருந்துவதால் எடுத்துக் காட்டினோம், அவ்வளவே. எலக்ட்ரான் நுண்ணோக்கி கண்டதை வேதம் முன்னரே குறிப்பிட்டது என்று நிறுவ முயல்வோர் நம்மிடையே உளர். அவ்வசனங்கள் பேசுவது நீதியைப் பற்றியும் உடைமையைப் பற்றியும், உயிரியலைப் பற்றியன்று. உவமையை உவமையாக விட்டுவிடுவதே இலக்கணம் கற்றோர்க்கு அழகு.

இனி லுக்கேமியா உயிரணுவுக்கு வருவோம். இங்கே கருமையான குரோமாட்டின் குறைந்து, விரிந்த வெளிறிய பகுதி மிகுந்திருக்கும், உட்கருமணி பருத்திருக்கும். இடைவிடாமல் புரதம் செய்து பிரிந்து பெருகும் உயிரணுவின் அடையாளங்கள் இவை. அடுத்தது உறையின் வடிவக்கேடு. வட்டமாக இருக்க வேண்டிய உட்கருவில் ஆழமான பிளவுகள் விழுந்திருக்கும். இத்தகைய பிளவுபட்ட உயிரணுக்களை ஒளி நுண்ணோக்கியிலேயே 1893இல் ஹெர்மன் ரீடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரால் வழங்குகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய புதுமை வேறொன்று. உட்கருவின் விளிம்பிலிருந்து மெல்லிய தகடு போல ஒரு பகுதி வெளியே எழுந்து, வளைந்து, மீண்டும் உட்கருவையே தொட்டு, நடுவில் சிறிது சைட்டோபிளாசத்தைச் சிறைப்பிடித்திருக்கும். சட்டையின் மேல் தைத்த பை போன்ற இதனை உட்கருப் பை என்றனர். மொட்டுப் போல் நின்றுவிடுவதை உட்கருக் கொப்புளம் என்றனர். குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்ந்த லுக்கேமியாக்களில் இக்கொப்புளங்கள் மிகுதியாகத் தென்படுவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டனர்.

சில வகைகளில் வடிவமே பெயராயிற்று. தோலைச் செந்நிறமாக்கி இரத்தத்திலும் கலக்கும் செஸாரி நோய்க்கூட்டில், ஒளி நுண்ணோக்கிக்குச் சற்றே சுருங்கியதாகத் தோன்றிய உட்கரு, 1968இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் ஆட்டு மூளையின் மடிப்புகளைப் போல நெளிந்து நெளிந்து காட்சியளித்தது. ஜப்பானியர் 1977இல் தனி நோயாக விவரித்த பெரியோர் டி-செல் லுக்கேமியாவில் உட்கரு இதழ் விரிந்த பூவைப் போல மடல் மடலாக இருக்கும். அதனால் 'பூச் செல்' என்றே வழங்கலாயிற்று. அந்நோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்பது 1980களின் தொடக்கத்தில் உறுதியாயிற்று.

இங்கே 170 ஏடுகளின் கணக்கை நினைவுகூர வேண்டும். விரல் விரலாகக் கிளைத்த ஓர் இஞ்சியைக் குறுக்கே வெட்டினால், பலகையில் தனித்தனியாக மூன்று நான்கு வில்லைகள் விழும். வில்லைகளை மட்டும் கண்டவர் நான்கு கிழங்குகள் என்றே எண்ணுவார். உட்கருவும் அப்படித்தான். ஏட்டில் தீவு போலப் பிரிந்து கிடக்கும் துண்டு, முந்தைய ஏட்டில் தாய்ப்பகுதியோடு இணைந்தே இருந்திருக்கும். அடுத்தடுத்த ஏடுகளை வரிசையாகப் பார்த்தாலன்றி 'உட்கரு துண்டுபட்டது' என்று கூற இயலாது. பாரிசில் மார்செல் பெஸ்ஸி போன்ற முன்னோடிகள் உயிருள்ள இரத்த அணுக்களின் அசைவையும் ஏட்டுப் படங்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்ததன் தேவை இதனால் விளங்கும்.

அன்றியும் வடிவக்கேடு என்பது தனித்து நின்று நோயை உறுதி செய்வதில்லை. நியூட்ரோஃபிலின் உட்கரு மடல்களாகப் பிரியாமல் மூக்குக் கண்ணாடி போல இரண்டாகவே நின்றுவிடும் ஒரு நிலையை 1928இல் ஹாலந்தில் பெல்கர் விவரித்தார். 1931இல் ஹூயெட் அது பரம்பரையாக வருவது என்று காட்டினார். உட்கரு உறையிலுள்ள லாமின்-பி ஏற்பி என்ற புரதத்தின் மரபணுப் பிழையே காரணம் என்பது 2002இல் தெளிவாயிற்று. அப்பிழையை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். அதே மூக்குக் கண்ணாடி வடிவம் சில லுக்கேமியாக்களிலும் தோன்றும். உருவம் ஒன்று, பொருள் இரண்டு. சிறு கொப்புளங்கள் நலமுள்ளோரிடமும் அரிதாகக் காணப்படும். ஆகவே அறிக்கையில் 'உட்கரு வடிவம் பிறழ்ந்துள்ளது' என்றிருந்தால், மேலும் ஆராய்க என்பதே அதன் பொருள். தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று குடும்பத்தார் இடிந்து போக வேண்டியதில்லை. ஒன்றுமில்லை என்று அறிக்கையை மடித்து வைத்துவிடவும் கூடாது.

வடிவத்தைச் சரியாக வாசிப்பதில் உயிரே தங்கியுள்ள நோய் ஒன்று உண்டு. அக்யூட் புரோமைலோசைடிக் லுக்கேமியா என்பது அதன் பெயர். 1957இல் நார்வே நாட்டின் ஹில்லெஸ்டாட் இதனைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இரத்தம் உறையும் ஒழுங்கு குலைந்து, மூளையிலோ நுரையீரலிலோ கசிவு ஏற்பட்டுச் சில நாட்களிலேயே, சில வேளை சில மணி நேரத்திலேயே மரணம் நேரும் கொடிய நோய் அது. இதன் உயிரணுக்களில் பொதுவாகச் சிவந்த மணிகள் செறிந்திருக்கும். விறகுக் கட்டுப் போல ஊசிகள் அடுக்கிக் கிடக்கும். அவற்றைக் கண்டதும் நோய் புலப்பட்டுவிடும். ஆயினும் சில நோயாளிகளிடம் மணிகளே தென்படவில்லை. உட்கரு மட்டும் நடுவில் மடிந்து இருமடலாக இருந்தது. மடிந்த உட்கரு, மணியில்லாச் சைட்டோபிளாசம் என்றால் மோனோசைட் வகை லுக்கேமியா என்று கருதவே இடமுண்டு. இவ்வகையினரின் உயிரணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மணிகள் ஏராளமாக இருந்தன! அவை ஒளியின் எல்லைக்கும் சிறியனவாக இருந்ததால் கண்ணுக்குத் தப்பின. 1980 வாக்கில் இவ்வகை முறையாக அறியப்பட்டது. அதன் பின்னர் இருமடல் உட்கருவைச் சாதாரண நுண்ணோக்கியில் கண்டாலே மருத்துவர் எச்சரிக்கை அடைகின்றனர். பெரிய கருவி சிறிய கருவிக்குக் கண் கொடுத்தது என்று இதனைக் கூறலாம்.

இந்நோயின் உட்கருவுக்குள் நிகழ்ந்திருப்பது இன்னும் வியப்புக்குரியது. 1977இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி, இந்நோயாளிகளில் 15ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருப்பதைக் கண்டார். இம்மாற்றத்தால் பி.எம்.எல். என்ற புரதமும், வைட்டமின் ஏ-யின் வழித்தோன்றலான ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதமும் ஒட்டிப் பிறக்கின்றன. இயல்பான உட்கருவில் பி.எம்.எல். புரதம் சிறுசிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். இவ்வகை உட்கரு உருண்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 1960 வாக்கிலேயே கண்டிருந்தனர், ஆனால் பயன் தெரியவில்லை. புரோமைலோசைடிக் லுக்கேமியாவில் அவ்வுருண்டைகள் சிதைந்து நூற்றுக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடுகின்றன. 1985இல் ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர் ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வகையை இந்நோயுற்ற ஐந்து வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார், நோய் அடங்கியது. 1988இல் அவர் குழுவினர் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர்; ஒருவர் நீங்கலாக ஏனையோர் அம்மருந்து ஒன்றினாலேயே நோயடங்கப் பெற்றிருந்தனர். இம்மருந்து உயிரணுவை நஞ்சூட்டிக் கொல்வதில்லை. தடைப்பட்டு நின்ற வளர்ச்சியை முடித்து வைக்கிறது. முதிராத உயிரணு முதிர்கிறது, உட்கரு மடல்களாகப் பிரிகிறது, சிதறிய உருண்டைகள் மீண்டும் திரள்கின்றன. 1990களின் நடுவில் இம்மறுதிரட்சியை ஆய்வாளர்கள் படமாகவே காட்டினர். உருவக்கேடு நோயின் நிழல் மட்டுமன்று, நோயின் உடலே அதில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

இரண்டாவது மருந்து ஆர்சனிக் டிரையாக்சைடு. சித்தர் நூல்களில் வெள்ளைப் பாடாணம். அரபு மருத்துவத்தில் 'சம்முல் ஃபஃர்', அதாவது எலி நஞ்சு. சீனாவின் ஹார்பின் நகரில் 1970களில் இதனை லுக்கேமியாவுக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். இது அந்த ஒட்டுப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியையே நேராகப் பற்றி அழிக்கிறது என்பது 2010இல் நிறுவப்பட்டது.

இம்மருந்தின் வரலாற்றில் நம் வட தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியே சென்றால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1998 முதல் 2004 வரை, புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக் டிரையாக்சைடு ஒன்றையே அடிப்படை மருந்தாக அளித்தனர். ரெட்டினாயிக் அமிலமும் கீமோதெரபியும் சேர்ந்த சிகிச்சையின் செலவை நம் மக்களில் பலரால் தாங்க முடியாது என்பதே இம்முயற்சிக்குப் பின்னிருந்த காரணங்களுள் ஒன்று. விக்ரம் மாத்யூஸ் உள்ளிட்ட குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, 86 சதவீதத்தினருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. ஏழை நாட்டின் கட்டாயத்திலிருந்து பிறந்த ஓர் ஆய்வை உலக இரத்தவியல் அறிஞர்கள் கவனத்துடன் ஏற்றனர். 2013இல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள், கடும் இடர்நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு இரு மருந்துகளையும் சேர்த்தளிப்பது கீமோதெரபிச் சிகிச்சைக்குக் குறைவுடையதன்று என்று காட்டினர். ஒரு காலத்தில் லுக்கேமியாக்களிலேயே மிகக் கொடியதாக இருந்தது, இன்று மிக எளிதில் குணமாகும் வகைகளுள் ஒன்றாகியிருக்கிறது. இதைக் கொண்டு எவரும் பாடாணப் பற்பத்தைத் தேடிப் போய்விட வேண்டாம். மருத்துவமனையில் தருவது தூய்மை செய்து அளவிடப்பட்ட மருந்து. இதயத் துடிப்பின் வரைபடத்தையும் இரத்த உப்புகளையும் கவனித்தே அதனை ஏற்றுகின்றனர். அத்துடன் வேறு வகை லுக்கேமியாக்களுக்கு இது மருந்துமன்று.

இனி முதலில் எழுந்த வினாவை எடுத்துக்கொள்வோம். கல்பாக்கத்துக் கரையில் வாழ்வோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. உயர் அளவுக் கதிர்வீச்சு லுக்கேமியாவை விளைக்கும் என்பது ஹிரோஷிமா, நாகசாகி மக்களிடம் திண்ணமாகக் காணப்பட்டது. குண்டு விழுந்த சில ஆண்டுகளிலேயே நோய் மிகத் தொடங்கியது. எனினும் உட்கருவின் மடிப்பையும் பையையும் வைத்து 'இது கதிர்வீச்சால் வந்தது' என்று எந்த நுண்ணோக்கியாலும் கூற முடியாது. கதிர்வீச்சால் வந்த லுக்கேமியாவும், புகைப்பழக்கத்தாலோ பென்சீனாலோ வந்ததும், காரணமே அறியப்படாததும் தத்தமக்கென ஒரு முத்திரையை உட்கருவில் பதிப்பதில்லை. ஒருவரின் தகட்டில் விடை இல்லை. ஆயிரக்கணக்கானோரின் கணக்கேட்டில்தான் அது கிட்டக்கூடும்.

அத்தகைய கணக்கு ஒன்று அண்டை மாநிலத்தில் எடுக்கப்பட்டது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அங்கே ஏறத்தாழ 70,000 பேரை 2005 வரை, சராசரியாக 10 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். 1,379 புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றுள் லுக்கேமியா 30. கதிர்வீச்சு கூடிய இடங்களில் நோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் அறிவித்தனர். மோனசைட் மணல் கல்பாக்கத்துக் கரையிலும் சில இடங்களில் உண்டாதலால் இம்முடிவு நமக்கும் பொருட்படுத்தத் தக்கது. ஆயினும் அதனை அப்படியே இங்குப் பெயர்த்து வைப்பதை நாம் ஏற்கவில்லை. 30 என்பது சிறிய எண். மேலும் மணலின் கதிர்வீச்சும் உலையில் பணிபுரிவோர் பெறும் கதிர்வீச்சும் ஒரே தன்மையன அல்ல. மக்கள் அச்சம் தெளிய வேண்டுமெனில் ஊர்வாரியான பதிவேடுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் நடத்திவரும் மக்கள்தொகைப் பதிவேடு இதற்கு நல்ல முன்மாதிரி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தை லுக்கேமியாவைப் பற்றிப் பேசும்போது மற்றொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டும். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்கு, டாக்டர் சாந்தா அவர்களின் காலத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் இணைந்து 1984இல் ஒரு சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டது. மும்பையிலும் தில்லியிலும் அதையே கையாண்டனர். அதுவரை பெரும்பாலும் கைவிடப்பட்ட குழந்தைகளில் கணிசமானோர் அதன் பின்னர் பிழைத்தெழுந்தனர்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்று லுக்கேமியாவை அன்றாடம் கண்டறியும் கருவியாக இல்லை. ஓர் உயிரணுவின் மேற்பரப்புப் புரதங்களை ஒளிக்கற்றையால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும், குரோமோசோம், மரபணுச் சோதனைகளும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆய்வுக்கூடங்களில் அதன் பணி தொடர்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சிற்றூர் ஒன்றின் ஆய்வகத்துக்கோ காய்ச்சலோடும் ஈறுக் கசிவோடும் வரும் ஒருவருக்குத் தேவைப்படுவது அக்கருவி அன்று. ஒரு சொட்டு இரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, உட்கருவின் மடிப்பை வாசிக்கத் தெரிந்த ஒரு கண் ஆகியவையே. இருமடல் உட்கருவைக் கண்டு புரோமைலோசைடிக் வகையோ என்று ஐயுற்ற மாத்திரத்தில், மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. ஈறிலோ மூக்கிலோ காரணமின்றி இரத்தம் கசிந்து, தோலில் ஊதாத் திட்டுகளும் தோன்றினால், வெள்ளிக்கிழமை கழியட்டும், திருமணம் முடியட்டும் என்று நாள் பார்க்காமல் அன்றே இரத்தத்தைப் பார்க்கச் செய்தல் வேண்டும். மேல்சிகிச்சைக்கு அடையாறுக்கோ வேலூருக்கோ அனுப்பப்படுவோர் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், சாயமேற்றிய அந்தக் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கி, உடையாமல் பெட்டியிலிட்டு எடுத்துச் செல்லலாம். அங்குள்ள மருத்துவர் அதை நேரே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.